எதிர்வீட்டு ஜேர்மன்காரியின் கடிதங்கள்

எங்கள் தெருவுக்குக் குடிவந்த ஜேர்மன் பெண்மணி முதன்முதலில் என்னிடம் சொன்ன சொல் "பயப்பிடாதேங்கோ" என்பதுதான். அதைக் கேட்டு நான் நன்றாகவே பயந்துபோனேன்.

பெப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை காலை. கனடாவில், மொன்றியலுக்கு அக்கரையில் இருக்கும் லொங்குய்யில் எங்கள் வீட்டு வாசலில் காரை மூடிக்கிடந்த பனியை அள்ளிக்கொண்டிருந்தேன். கை வேலை செய்ய, வாய் ரொறன்ரோவில் இருக்கும் தங்கையோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் யாழ்ப்பாணத் தமிழில் ஒரு புதுக் குரல் வந்ததும் திடுக்கிட்டுத் திரும்பினேன். சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட உயரமான வெள்ளைக்கார அம்மா ஒருவர், பனிச்சறுக்குக் கோல் ஒன்றை ஊன்றியபடி நின்றார்.

"இருங்கோ. சாப்பிடுங்கோ," என்றார் தொடர்ந்து. அத்தோடு அவருடைய தமிழ் முடிந்துவிட்டது.

மிச்சத்தை இந்த ஊர் மொழியான பிரெஞ்சில் சொன்னார். எண்பதுகளில் எங்கள் பொடியன்கள் அகதிகளாக ஜேர்மனிக்குப் போய் இறங்கியபோது, அவர்கள் தங்கியிருந்த விடுதியில் அவர் உதவிக்குப் போவாராம். புதிதாக வருகிறவர்களிடம் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று பழைய ஆட்களைக் கேட்டு, இந்த மூன்று சொற்களையும் எழுதிப் பாடமாக்கினாராம். கணவர் இறந்த பிறகு, இங்கே வாழும் மகளுக்குப் பக்கத்தில் இருக்க வந்தவர், இலையுதிர்காலத்தில் எங்கள் எதிர்வீட்டில் குடியேறியிருந்தார். நான் தொலைபேசியில் சொன்ன "ஓம், ஓம்" அவருக்குத் தெருவுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கிறது.

அவர் பேசியதெல்லாம் பிரெஞ்சுதான், அதுவும் கரகரப்பான ஜேர்மன் உச்சரிப்போடு. ஆனால் என் நினைவில் அவர் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார். அந்த முதல் மூன்று சொற்களின் வேலையாக இருக்க வேண்டும். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

குசலம் விசாரித்து முடிந்ததும் அவர் மேலங்கிக்குள்ளிருந்து நான்கு தாள்களை எடுத்து நீட்டினார். அது ஒரு மனு. ஏதோ ஒரு நாட்டில், ஒரு சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த ஆசிரியை, தன் வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்குத் தாய்மொழி எழுதப் படிப்பித்ததற்காகச் சிறையில் போடப்பட்டிருந்தார். அவரை விடுவிக்கச் சொல்லிக் கையொப்பம் கேட்கும் மனு. நாட்டின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்த ஆசிரியையின் சொந்தக்காரர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

"மடாம், நான் வாசிக்காமல் ஒண்டிலயும் ஒப்பம் வைக்கிறேல்லை," என்றேன். கனடாவுக்கு வந்த புதிதில், விளங்காத மொழிப் படிவம் ஒன்றில் கையொப்பம் போட்டுவிட்டு, எதை எழுதிக் கொடுத்தோமோ என்று மூன்று கிழமை தவித்ததிலிருந்து எனக்கு இந்தப் பழக்கம்.

"வாசியுங்கோ. நான் நிக்கிறன்."

உண்மையாகவே நின்றார். நான் கையுறையைக் கழற்றிவிட்டு நான்கு பக்கத்தையும் வாசித்தேன். முதல் பக்கத்தில் ஆசிரியைக்கு முப்பத்தொரு வயது, மூன்றாம் பக்கத்தில் முப்பத்து நான்கு. அதைக் காட்டினேன். அவர் தாளை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இந்தத் தெருவில பதினாறு பேர் இதில ஒப்பம் வைச்சிருக்கினம். ஒருத்தரும் இதைக் காணேல்லை. நல்ல மனசுதான், ஆனால் வாசிக்கேல்லை," என்றார். "அரசாங்கத்தில இருக்கிறவன் இந்த ஒரு பிழையைப் பிடிச்சுக்கொண்டு மிச்சமும் பொய் எண்டுவான். நாளைக்குப் பின்னேரம் கோப்பி குடிக்க வாங்கோ."

ஒரு பிழையைக் கண்டுபிடித்ததற்காக எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அப்போது விளங்கவில்லை.

அடுத்த நாள் போனேன். அவருடைய சமையலறை மேசையில் சாப்பாட்டுக்கு இடமில்லை. அஞ்சலட்டைகள், முத்திரைகள், நான்கு மொழி அகராதிகள். சுவரோரம் அட்டைப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் சிறைபட்ட ஒரு மனிதர். வெளியே வந்தவர்களின் பெட்டிகள் மேல்தட்டில், இன்னும் உள்ளே இருப்பவர்களுடையவை கைக்கெட்டும் உயரத்தில். எந்தப் பெட்டியிலும் பெயர் இல்லை. பறவை, மீன், மரம் என்று படம்தான் ஒட்டியிருந்தது. வீட்டுக்கு யார் வந்து எதைப் பார்த்தாலும் உள்ளே இருப்பவருக்குக் கெடுதல் வரக்கூடாது என்பது அவருடைய ஐம்பது வருட விதி.

"எப்பிடி மடாம் இந்த வேலைக்கு வந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஒரு வசனத்தாலதான்," என்றார்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு பிறந்தவர் அவர். பதினெட்டு வயதில் தன் ஊர் நகராட்சி அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். ரோமா என்று ஓர் இனம் இருக்கிறது. ஐரோப்பா முழுவதும் ஒதுக்கி வைக்கப்பட்ட மக்கள். ஹிட்லர் காலத்தில் அவர்களையும் முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். உயிரோடு திரும்பி வந்தவர்கள், தாங்கள் அங்கே இருந்ததை எழுத்தில் ஒப்புக்கொள்ளச் சொல்லி விண்ணப்பம் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்குப் போகும் பதில் ஒன்றுதான்: "போதிய ஆதாரம் இல்லாமையால் தங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை." இந்த வசனத்தை அந்தப் பதினெட்டு வயதுப் பெண் நாளுக்கு நான்கு தடவை, ஐந்து தடவை தட்டச்சு செய்தார்.

ஒரு நாள் விண்ணப்பித்த அம்மா ஒருவர் நேரே அலுவலகத்துக்கு வந்து, சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கைக்குக் கீழே பச்சை குத்தியிருந்த இலக்கத்தைக் காட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலை, அதே அம்மாவுக்கு அதே வசனம் தட்டச்சுக்கு வந்தது.

"நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்திட்டன். மேலதிகாரி வந்து ஏன் அடிக்கேல்லை எண்டு கேட்டார். எனக்கு அந்த வசனம் மறந்துபோச்சு எண்டன்."

"அவர் ஏசேல்லையோ?"

"ஏசினார். பேந்து தண்டனையா நிலவறையில பழைய கோப்பு அடுக்க விட்டார். அதுதான் அவர் விட்ட பிழை."

நிலவறையில் மூன்றாவது கிழமை அவர் ஒரு பட்டியலைக் கண்டெடுத்தார். அந்த ஊரிலிருந்து எந்த நாளில், எந்த ரயிலில், எந்தெந்தக் குடும்பம் அனுப்பப்பட்டது என்ற பட்டியல். ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல், யாரோ ஒரு தட்டச்சாளர் அழகாக அடித்து வைத்திருந்தார். பட்டியலைத் தூக்கிக்கொண்டு மேலே போய், அலுவல் பார்க்க வந்து வரிசையில் நின்ற சனத்துக்கு முன்னால், மேலதிகாரியின் மேசையில் வைத்தார். "இந்தாங்கோ ஆதாரம்," என்றார்.

இலக்கம் காட்டிய அம்மாவுக்குச் சில மாதங்களில் சான்றிதழ் கிடைத்தது. இவருக்கு வேலை போனது.

"அந்த ஒரு வேலைதான் போச்சு," என்று சிரித்தார். "அதுக்குப் பிறகு எனக்கு வேலைக்குக் குறைவே வரேல்லை."

ரோமா மக்களுக்குப் பிறகு, மேற்காசியாவிலிருந்து தஞ்சம் தேடி வந்த குர்திஷ்காரர், யசீதிகள், பிறகு எங்கள் ஆட்கள். யாரைத் திருப்பி அனுப்பப் பார்த்தாலும் அந்த விமான நிலையத்தில் இவர் நிற்பார். இவருடைய கணவர் பள்ளிக்கூடத்தில் சங்கீத ஆசிரியர். ஆர்ப்பாட்டத்துக்கு வரச் சொன்னால் ட்ரம்பெட்டைத் தூக்கிக்கொண்டு வருவாராம். பொலிஸ் இவரைத் தூக்கிப்போகும் நேரம் பார்த்து, இவருக்குப் பிடித்த பாட்டை வாசிப்பாராம். இதைச் சொல்லும்போது அவர் கண் மின்னியது. நான் இரண்டாவது கோப்பியும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மின்தூக்கி திருத்தும் வேலை செய்கிற மனிதர், எதற்கும் பதறாதவர். கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"ஜேர்மனியில எண்பதுகளிலயோ? எங்கட அண்ணையைத் திருப்பி அனுப்ப ஏத்திக்கொண்டு போன பொலிஸ் வானுக்கு முன்னால ஒரு வெள்ளைக்காரப் பெட்டை குந்தி இருந்து மறிச்சவ எண்டு சொல்லுறவர். அவதான் இவ."

"ஜேர்மனி என்ன ஒரு தெருவோ? எத்தனையோ பேர் மறிச்சிருப்பினம்."

"நீர் சும்மா இரும். இவதான்."

அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு ஆட்டிறைச்சிக் கறியும் இடியப்பமும் எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். அந்த அம்மா ஆற அமரக் கேட்டார். தான் இருந்தது நாட்டின் வடக்கில் என்றும், அண்ணர் சொல்லும் நகரத்துக்குத் தான் போனதே இல்லை என்றும் சொன்னார். கணவர் விடவில்லை. உடனே, இன்னும் ஜேர்மனியில் இருக்கும் அண்ணரைக் காணொளியில் எடுத்து, கைபேசியை அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

அண்ணர் நன்றாகப் பார்த்துவிட்டு, "இல்லையடா தம்பி. அவ கட்டை. இவ பனை மாதிரி நிக்கிறா," என்றார்.

கணவரின் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அண்ணரும் அந்த அம்மாவும் ஜேர்மன் மொழியில் ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். அந்தக் காலத்து விடுதிகள், கடுகடுத்த அதிகாரிகள், புகைவண்டி நிலையத்துச் சூப் என்று சிரித்துச் சிரித்துக் கதைத்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் விளங்காமல் இடியப்பத்தைச் சாப்பிட்டோம்.

திரும்பி வரும்போது கணவர் சொன்னார், "அவ இல்லாட்டியும் பரவாயில்லை. அந்தக் கட்டைப் பெட்டைக்கு நான் சோறு குடுக்கேலாது தானே. இவவுக்குக் குடுப்பம்."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அந்த வீட்டுக்கும் சேர்த்துத்தான் சமைக்கப்படுகிறது. அந்த வீட்டின் வழுக்கும் வாசல் படிக்குக் கணவர் ஒரு கைப்பிடியும் பூட்டிக் கொடுத்தார்.

இனி ஆசிரியையின் கதைக்கு வருகிறேன். அவருடைய பெட்டியில் ஒட்டியிருந்த படம் ஒரு மீன். கிழமைக்கு ஓர் அஞ்சலட்டை என்று நானும் அந்த அம்மாவும் எட்டு மாதம் எழுதியும் ஒரு பதிலும் வரவில்லை. அட்டைகள் அவர் கைக்குப் போகின்றனவா என்றே தெரியவில்லை. வழக்கறிஞர் மட்டும் இடையிடையே செய்தி அனுப்புவார். சிறைக்கு வரும் கடிதங்களை வாசித்துப் பார்க்கும் அதிகாரிக்கு விளங்காத சொல் ஒன்று இருந்தாலே அவர் அதைக் குப்பையில் போடுகிறாராம்.

"அப்ப சொல்லே இல்லாமல் ஏதும் அனுப்பினால் என்ன?" என்றேன்.

நான் வேலை செய்வது ஒரு கார்டெரியில். வேலைக்குப் போகும் பெற்றோர் காலையில் பிள்ளைகளை விட்டு, பின்னேரம் கூட்டிப்போகும் இடம். மெற்றோவின் மஞ்சள் பாதையில் ஏறி ஆற்றைக் கடந்து தினமும் மொன்றியலுக்குப் போய் வருகிறேன். என் அறையில் நான்கு வயதுப் பிள்ளைகள் எட்டுப் பேர். ஒரு நாளைக்கு ஒரு கட்டுப் படம் கீறித் தள்ளுவார்கள்.

எங்கள் இயக்குநர் யோசித்தார். "இது அரசியலோ?" என்று கேட்டார்.

"பிள்ளைகளைக் கனகாலம் காணாத ஒரு ரீச்சருக்குப் படம் அனுப்புறம். அவ்வளவுதான்."

பெற்றோருக்குக் கடிதம் போனது. எட்டில் ஆறு குடும்பம் சம்மதித்தது. பிள்ளைகளிடம் நான் கதையைச் சுருக்கித்தான் சொன்னேன்: தூரத்தில் ஒரு ரீச்சர் இருக்கிறா, அவவுக்கு வெளியே போக ஏலாது, நீங்கள் வெளியே காண்கிறதைக் கீறிக் காட்டுங்கோ. அணில் வந்தது. மீன் வந்தது. பள்ளிப் பேருந்து வந்தது. ஊதா நிறத்தில் உருளைக்கிழங்கு மாதிரி ஒன்று வந்தது, அது அப்பாவாம். இரண்டு பேர் பனி அள்ளும் வண்டியைக் கீறினார்கள். தெருவில் குவிந்த பனியை முன்வாயால் விழுங்கி, மேலே நிற்கும் கழுத்துக் குழாயால் பக்கத்து லொறிக்குள் துப்புமே, அந்தப் பெரிய வண்டி. குளிர்காலம் முழுவதும் எங்கள் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய கதாநாயகன் கிடையாது.

படங்களை எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனேன். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு மீன் படத்தை மட்டும் ஒதுக்கி வைத்தார்.

"இது போகேலாது. இந்த மூண்டு நிறமும் பக்கத்தில பக்கத்தில இருக்கு. அந்த ரீச்சரின்ர ஆக்களின்ர கொடி நிறம். இது உள்ள போனால் அவவுக்கு இன்னொரு வழக்கு வரும்."

புலிக்கொடி என்று இராணுவம் பிடிக்கும் என்று, சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த ஒரு துணிக்கு ஊரில் எவ்வளவு பயந்தோம் என்பது எனக்குத் தெரியாததா. தெரிந்தும், நான்கு வயதுப் பிள்ளையின் மீனில் அதைக் காணவில்லை. அவர் கண்டுவிட்டார்.

மறுநாள் அந்த மீனைக் கீறிய சின்னவனிடம், ரீச்சருக்கு இன்னொரு மீன் வேண்டுமாம் என்றேன். ஏன் என்று கேட்டான். அவவுக்கு நீலம்தான் விருப்பம் என்று பொய் சொன்னேன். தாள் முழுக்க நீலமாக்கித் தந்தான். மீன் எங்கே என்று கேட்டால், "தண்ணிக்குள்ள போயிட்டுது," என்றான். அதையும் உறையில் போட்டு அனுப்பினோம்.

யூன் மாதத்தில், வழக்கறிஞர் மூலமாக, ஆசிரியை சிறிய எழுத்தில் நெருக்கி எழுதிய ஒரு தாள் வந்தது. அந்த அம்மா தெருவைக் கடந்து எங்கள் வீட்டுக் கதவை மணி அடிக்காமலே திறந்துகொண்டு வந்தார். அப்படி அவர் அதற்கு முன் வந்ததே இல்லை. அகராதியோடு உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக எங்களுக்கு மாற்றிச் சொன்னார்.

ஒரே அறையில் ஏழு பெண்கள் இருக்கிறார்களாம். சுவரில் ஒட்ட விடமாட்டார்கள் என்பதால் படங்களை மெத்தைக்கடியில் வைத்திருக்கிறார்களாம். பின்னேரம் எண்ணிக்கை எடுத்து முடிந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பரப்பிப் பார்ப்பார்களாம். நீலப் படம் கடல் என்று ஏழு பேரும் ஒத்துக்கொண்டார்கள். கழுத்து நீண்ட வண்டியில்தான் சண்டை. ஒருத்தி யானை என்கிறாள். கமக்காரர் வீட்டுப் பெண் கதிர் அடிக்கும் இயந்திரம் என்கிறாள், மேலே பறப்பது பதராம். "நான் ஆசிரியை என்பதால் தீர்ப்புச் சொல்லும்படி கேட்டார்கள். இது பனி செய்யும் இயந்திரம் என்று தீர்ப்பளித்திருக்கிறேன். சரியா என்று பிள்ளைகளிடம் கேட்டுச் சொல்லுங்கள்."

வாசித்து முடித்த அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துப் போட்டுக்கொண்டு, திரும்பவும் சிரித்து, திரும்பவும் கழற்றினார். "எத்தனையோ சிறையில இருந்து எனக்குக் கடிதம் வந்திருக்கு. ஒரு மெசினைப் பற்றிக் கேட்டு வந்தது இதுதான்," என்றார்.

கார்டெரியில் கேள்வியைக் கேட்டபோது பிள்ளைகள் கொதித்துப்போனார்கள்.

"பனியை ஆர் செய்வினம்? அது தானாய் விழுகுது," என்றாள் ஒருத்தி.

"ரீச்சருக்குத் தெரியாதோ?" என்றான் இன்னொருவன், மிகுந்த கவலையோடு.

எட்டுப் பேரும் சேர்ந்து, வண்டி என்ன செய்கிறது என்று அம்புக்குறி போட்ட ஒரு பெரிய விளக்கப் படம் கீறினார்கள். முதலில் சம்மதிக்காத இரண்டு குடும்பமும் இந்தத் தடவை சம்மதித்தது.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கும் மேல் போனது. மேன்முறையீட்டு விசாரணை இரண்டு தடவை தள்ளிப்போனது. இடையில் மூன்று மாதம் எந்தச் செய்தியும் வரவில்லை. அந்த நாட்களில் ஒரு பின்னேரம், அலமாரியின் அடித்தட்டில் இருந்த ஒரு பெட்டியை அவர் எனக்குத் திறந்து காட்டினார். அது உள்ளேயே இறந்துபோன ஒருவருடையது. அவருக்குப் போய்ச் சேராமல் திரும்பி வந்த அட்டைகள். "இப்பிடியும் நடக்கும். தெரிஞ்சுகொண்டு எழுதுங்கோ," என்றார். நான் தெரிந்துகொண்டுதான் அன்றைய அட்டையை எழுதினேன்.

ஒக்ரோபரில் ஒரு மதியம், பிள்ளைகள் நித்திரை கொள்ளும் நேரம், கைபேசி அதிர்ந்தது.

"வந்திட்டா," என்றது அந்த அம்மாவின் குரல்.

"ஆர்?" என்று கிசுகிசுத்தேன்.

"வெளியில வந்திட்டா. தாயின்ர வீட்டில சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாவாம்."

அறையை உடன்வேலை செய்பவரிடம் விட்டுவிட்டு நடைபாதைக்குப் போனேன். பிள்ளைகளின் குட்டிச் சப்பாத்துகள் கீழே வரிசையாக இருக்கும் மர வாங்கிலில் உட்கார்ந்து, சத்தம் வெளியே வராமல் அழுதேன். என்ன நடந்தது என்று கேட்க வந்த இயக்குநரிடம் சொன்னேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று பின்னேரம் மூன்று பேரும் எதிர்வீட்டு மேசையில் சாப்பிட்டோம். தாள்களையெல்லாம் முதல் தடவையாகத் தரையில் இறக்கி வைத்திருந்தார்.

"உங்களாலதானே அவ வெளியில வந்தவ?" என்று கணவர் கேட்டார்.

அவர் விரலை மடித்தார். "காசு வாங்காமல் வாதாடின வழக்கறிஞர். வியாழனுக்கு வியாழன் சிறை வாசலில கதிரை போட்டுக்கொண்டு இருந்த தாய். அங்கத்தை ஆசிரியர்கள். பேந்து ஒரு நீதிபதி, அவருக்கு அண்டைக்கு என்ன நடந்ததோ தெரியேல்லை. அவைக்குப் பின்னால எங்கையோ நாங்கள் நிக்கிறம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கறிக்கு உப்புக் காணாது," என்றார்.

கணவர் அசரவில்லை. "நீங்கள்தான்," என்று சொல்லிக்கொண்டே உப்பை எடுத்துக் கொடுத்தார்.

ஆசிரியை இப்போது வேறொரு நாட்டில் இருக்கிறார். வெதுப்பகம் ஒன்றின் மேல்மாடியில் ஓர் அறை எடுத்து, தன் இனத்துப் பிள்ளைகளுக்கு மறுபடி எழுத்துப் படிப்பிக்கிறார். போன மாதம் ஒரு காலை, நான் வேலைக்குப் போகுமுன், முதல் தடவையாகக் காணொளியில் பார்த்தோம். நான் நினைத்து வைத்திருந்ததைவிடக் குண்டான, வேகமாகப் பேசுகிற பெண். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தார். அந்த அம்மா மாற்றிச் சொல்லச் சொல்ல, கீழேயிருந்து நாள் முழுவதும் பாண் வாசம் வருவதால் பிள்ளைகள் பாதிப் பாடத்தில் பசிக்குது என்கிறார்கள் என்று முறைப்பாடு வைத்தார்.

கைபேசியைத் திருப்பி வகுப்பைக் காட்டினார். வாங்கில்களில் பதினைந்து பிள்ளைகள் வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தார்கள். முன்வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி மட்டும் எழுந்து வந்து, திரையை உற்றுப் பார்த்து, நாக்கை நீட்டினாள். எழுபத்தெட்டு வயது மனுசி, இங்கே லொங்குய்யில் இருந்துகொண்டு, தன் நாக்கையும் முழுசாக நீட்டிக் காட்டினார். வகுப்பே சிரித்தது. பாட நேரம் போகிறது என்று ஆசிரியை தொடர்பைத் துண்டித்தார்.

நான் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு மெற்றோவுக்கு ஓடினேன். வேலைக்குப் பத்து நிமிடம் பிந்திவிட்டது.